ஒவ்வொரு குழந்தையின் குரலையும் தனியாகக் கேட்க: ஒன்று, இரண்டாம் வகுப்புத் தமிழ் வாசிப்புக்கு ஒரு வழிகாட்டி

ஆசிரியர் பலகையில் குச்சியை நகர்த்த, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பாடத்தை ஒப்பிக்கும். கேட்க இதமாக இருக்கும். அதே வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கடைசி வரிசையில் இருக்கும் குழந்தையிடம் தனியாக நீட்டிப் பாருங்கள். பல குழந்தைகள் தாளைப் பார்க்காமல் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார்கள். முதல் சொல்லை யாராவது எடுத்துக் கொடுத்தால் மீதியை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். அது நினைவாற்றல், வாசிப்பு அல்ல. கூட்டாகச் சொல்லும்போது யாருக்குத் தெரியும், யார் வாயை மட்டும் அசைக்கிறார் என்பது ஆசிரியருக்குத் தெரிய வழியே இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாமே ஒரே நோக்கத்துக்காகத்தான்: வாரத்தில் ஒரு தடவையாவது ஒவ்வொரு குழந்தையும், பின்தங்கிய குழந்தை மூன்று தடவையும், ஆசிரியருக்கு மட்டும் கேட்கும்படி தனியாகப் படிக்க வேண்டும். அதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்கவும், அந்த நேரத்துக்கு வேண்டியதை வீட்டு வேலைகளுக்கு நடுவே தயார் செய்யவும் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். 20 முதல் 25 குழந்தைகள் உள்ள வகுப்பை மனதில் வைத்து எழுதியது. ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், குழுக்கள் மட்டும் வகுப்பைக் கடந்து அமையும்.

முதல் வாரம்: யார் எங்கே நிற்கிறார்கள்

பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு அட்டை தயார் செய்யுங்கள். மேலே பத்து எழுத்து, வரிசை மாற்றி: ப, ம, க, ட, ல, வ, த, ர, ன, அ. நடுவில் ஆறு சொல்: படம், கல், மரம், பால், மீன், வீடு. கீழே மூன்று சிறிய வரி: ‘இது என் வீடு. வீட்டில் பூனை இருக்கிறது. பூனை பால் குடிக்கும்.’

ஒரு குழந்தைக்கு மூன்று நிமிடம். 24 பேருக்கு 72 நிமிடம், ஒரு நாளைக்கு ஆறு பேர் என்றால் நான்கு நாளில் முடிந்துவிடும். மற்றவர்கள் வரைந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொருவராகத் தாழ்வாரத்துக்கு அழைத்து, சாப்பிட்டாயா, தம்பி என்ன செய்கிறான் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிறகு அட்டையைக் காட்டுங்கள். ‘சோதனை’ என்ற வார்த்தையை உச்சரிக்க வேண்டாம். அடுத்தடுத்து மூன்று தவறு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தெரியாததைத் தொடர்ந்து காட்டுவதால் குழந்தைக்குக் கூச்சம்தான் மிஞ்சும்.

எழுத்தைக் காட்டியதும் குழந்தை ‘அ ஆ இ ஈ’ என்றோ ‘க ங ச ஞ’ என்றோ முணுமுணுத்துக்கொண்டு அந்த எழுத்து வரைக்கும் வந்தால், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கு வரிசை தெரியும், எழுத்து தெரியாது. பட்டியலில் ‘எழுத்து தெரியும்’ என்று டிக் விழுவது பெரும்பாலும் இவர்களுக்குத்தான், மாதக் கணக்கில் கவனிக்கப்படாமல் போவதும் இவர்கள்தான்.

முடிவில் மூன்று குழு கிடைக்கும்: எழுத்தில் நிற்பவர்கள், சொல்லில் நிற்பவர்கள், வரி படிப்பவர்கள். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஜூனில் அரும்பு என்று எழுதிய பெயர் பிப்ரவரியிலும் அரும்பிலேயே இருந்தால் குழு பிரித்ததில் பயன் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதே மாதிரி அட்டையை, வேறு சொற்களோடு, மறுபடி காட்டி ஆட்களை மாற்றுங்கள்.

எழுத்தை எந்த வரிசையில் தொடுவது

247 எழுத்தையும் நெடுங்கணக்கு வரிசையில் முடித்துவிட்டுப் பிறகு சொல்லுக்குப் போவது நீண்ட பயணம். பல குழந்தைகள் நடுவழியில் களைத்துவிடுவார்கள். சொல் உடனே கிடைக்கும் எழுத்துகளிலிருந்து தொடங்குவது நல்லது. ட, ப, ம, ர என்ற நான்கும், புள்ளியும் போதும்: படம், மரம், பட்டம், பம்பரம், ரப்பர். ஐந்துமே குழந்தைக்குத் தெரிந்த பொருள், ஐந்தையும் படம் வரைந்தோ கையில் எடுத்தோ காட்ட முடியும். அடுத்து க, ல, வ, ச, த, ன சேர்ந்தால் கல், பல், கடல், பகல், மலர், வட்டம், சக்கரம், கப்பல் வந்துவிடும். இரண்டு மூன்று வாரத்திலேயே குழந்தை ‘நான் படித்தேன்’ என்று வீட்டில் சொல்ல ஒரு கைப்பிடிச் சொல் இருக்கும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை எல்லா வகுப்பிலும் வரும். மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று சொல்லிக்கொடுத்துப் பழகியிருக்கிறோம். தனியாகச் சொல்ல அது வசதி. ஆனால் குழந்தை ‘மரம்’ என்பதை எழுத்துக் கூட்டும்போது ‘ம, ர, இம்’ என்று மூன்று துண்டாகச் சொல்லும். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘மரஇம்’ என்றுதான் வரும், மரம் வராது. அந்த ‘இ’ குறுக்கே நிற்கிறது. குழந்தைக்குக் கூட்டத் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

வழி எளிது. புள்ளி எழுத்தைத் தனியாக நிறுத்தாதீர்கள், முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். ‘டம், ரம், லம்’ என்று எழுதிய அட்டைகளை ஒரு கையிலும், ‘ப, ம, வ’ அட்டைகளை மறு கையிலும் வைத்துச் சேருங்கள்: ப-டம், ம-ரம், ப-லம், வ-லம். நீளமான சொல்லும் இப்படியே: பட்-டம், சக்-க-ரம், பம்-ப-ரம். ஒரு துண்டுக்கு ஒரு கைத்தட்டு. இந்த ஒட்டும் பழக்கம் கைவந்தால் இரண்டு மாதமாக எழுத்துக் கூட்டலில் நின்ற குழந்தைகூட நகரத் தொடங்கும்.

ஆரம்பச் சொற்கள் குழந்தைக்குத் தெரிந்தவையாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் ‘க’ எழுத்து ஒன்றுதான், ஒலி இடத்துக்கு இடம் மாறும். கல், பகல், தங்கம், சக்கரம் என்று நான்கையும் வாய்விட்டுச் சொன்னால் தெரியும். இதற்கு விதி சொல்லிக் குழப்ப வேண்டாம். ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ என்று அழுத்திச் சொல்லும் குழந்தையிடம் ‘பகலா, ராத்திரியா?’ என்று கேட்டால் போதும், தானே திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லாக இருந்தால் இப்படித் திருத்திக்கொள்ள அதற்குப் பிடிமானம் இருக்காது.

வருகைப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை முதலில் படிக்க ஆசைப்படுவது தன் பெயரைத்தான். இப்போதைய பெயர்களில் ஜ, ஷ, ஸ, ஹ இல்லாதவை குறைவு. அந்த எழுத்துகள் பாடத்தில் பின்னால் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெயர் அட்டையை முழுச் சொல்லாக முதல் நாளே கொடுங்கள். காலையில் வந்ததும் தன் அட்டையை எடுத்து ‘வந்தவர்கள்’ பையில் போடுவது அவர்கள் வேலை.

குறியீடுகள்: வரிசையாக அல்ல, வகையாக

‘க கா கி கீ’ என்று குறுக்கு வரிசையில் பாடவைத்தால், ‘கே’ எது என்று கேட்கும்போது குழந்தை ‘க’விலிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு குறியீடு என்று எடுத்து, அதைப் பல எழுத்தோடு சேர்ப்பது நல்லது. துணைக்கால் வாரம் என்றால் கா, பா, மா, தா, வா. சொற்கள்: பால், காகம், மாமா, தாத்தா, பாலம். அடுத்து மேல்விலங்கு (கி), பிறகு அதன் சுழி (கீ).

உகரம் வரும்போது ஒரு வாரத்தில் முடிக்க முயலாதீர்கள், அது மூன்று குடும்பம். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை சுற்றி வளைப்பவை. சு, பு, யு, வு கீழே கோடு இறக்குபவை. து, நு, ணு, லு, று, னு அடியில் போய் மேலே ஏறும் வால் உள்ளவை. குடும்பத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். முதல் வாரத்தில் ஆடு, மாடு, வீடு, காடு. இரண்டாவதில் பசு, புல், புறா. மூன்றாவதில் காது, பந்து, நுங்கு. மூன்றையும் ஒரே நாளில் காட்டினால் ‘கு’வையும் ‘து’வையும் இணைக்கும் ஒற்றுமையைக் குழந்தை தேடித் தேடி அலுத்துப்போகும். உருவத்தில் அப்படி ஒன்று இல்லை.

கொம்புகள்தான் கடினம். ‘ெ’ கண்ணில் முதலில் படும், வாயில் கடைசியில் வரும். இதற்கு ஜன்னல் அட்டை செய்யுங்கள். 12 செ.மீ. அகல அட்டையின் நடுவில் 3 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி, அதன் இடதுபக்கம் ஒற்றைக்கொம்பை எழுதவும். 5 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளமுள்ள பட்டையில் ம, ப, த, வ, க என்று ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, பின்புறமாக நகர்த்தவும். ஜன்னலில் எழுத்து மாறும், கொம்பு மாறாது. குழந்தை மெ, பெ, தெ, வெ, கெ என்று சொல்லிக்கொண்டே போகும். அட்டையின் வலதுபக்கம் துணைக்கால் எழுதிய சிறு தாளை மடித்து ஒட்டிவைத்தால், அதை விரித்ததும் மொ, பொ, தொ ஆகிவிடும். ‘கொ’ என்பது இரண்டு கை சேர்ந்து பிடிக்கும் ஒரே எழுத்து என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புரிகிறது. ஓட்டையைப் பெரிதாக வெட்டினால் மேலெழுத்தும் கீழெழுத்தும் எட்டிப் பார்த்துக் குழப்பும், எழுத்துகளுக்கு நடுவே 2 செ.மீ. இடைவெளி விடவும்.

ஔகாரத்துக்கு அதிக நாள் செலவிட வேண்டாம். அதன் வலதுபக்கத் துண்டு ‘ள’ போலவே இருப்பதால் ‘வௌவால்’ என்பதை ‘வெளவால்’ என்று படிக்காத குழந்தை அரிது. வௌவால், மௌனம் என்று இரண்டு மூன்று சொல்லை முழுதாகப் பழக்கிவிட்டு நகரலாம்.

குறியீட்டைச் சிவப்பிலும் எழுத்தைக் கறுப்பிலும் எழுதுவது முதல் வாரத்துக்கு உதவும். இரண்டாவது வாரமே அதே சொற்களை முழுக் கறுப்பில் மறுபடி எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் வண்ண அட்டையில் படிக்கும் குழந்தை பாடப்புத்தகத்தில் தடுமாறும்.

நாற்பது நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் காதுக்கு. புத்தகம், பலகை எதுவும் வேண்டாம். ‘பா-வில் தொடங்கும் பொருள் சொல்லு’, ‘பம்பரத்தில் எத்தனை தட்டு?’ என்ற மாதிரி விளையாட்டு. அடுத்த பத்து நிமிடம் அன்றைய எழுத்து அல்லது குறியீடு, நான்கு சொல், ஒரு வரி. அதற்கு மேல் வேண்டாம்.

பிறகு வரும் பதினைந்து நிமிடம்தான் முக்கியம். ஒரு குழு ஆசிரியரோடு தரையில் வட்டமாக உட்காரும், ஒவ்வொருவராகப் படிக்கும். எட்டுப் பேர் என்றால் ஆளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். மற்ற இரண்டு குழுவுக்கும் ஆசிரியரைக் கேட்காமல் செய்யக்கூடிய வேலை இருக்க வேண்டும். ஜோடியாக உட்கார்ந்து சொல்லட்டையைப் படத்தோடு பொருத்துவது, சுவரோரத் தாழ்வான கரும்பலகையில் அன்றைய நான்கு சொல்லை எழுதிப் படம் வரைவது, நூலக மூலையில் புத்தகம் புரட்டுவது. இந்த வேலைகளைப் புதிதாக அறிமுகம் செய்யும் வாரத்தில் தனி வாசிப்பைத் தள்ளிவையுங்கள். ‘சார், முடிச்சிட்டேன்’, ‘மிஸ், இவன் என் அட்டையைப் பிடுங்கறான்’ என்று நிமிடத்துக்கு ஒரு குரல் வந்தால் எந்தக் குழந்தையின் வாசிப்பும் காதில் விழாது. வேலை பழகும்வரை ஒரு வாரம் போனாலும் அது வீண் இல்லை.

பின்தங்கிய குழு திங்கள், புதன், வெள்ளி. நடுக்குழு செவ்வாய், வரி படிக்கும் குழு வியாழன். எல்லாருக்கும் சமமாக நேரம் பிரிப்பதுதான் நியாயம் என்று தோன்றலாம். பந்தியில் பசித்தவன் இலைக்கு இன்னொரு கரண்டி வைப்பதும் நியாயம்தான்.

கடைசிப் பத்து நிமிடம் ஆசிரியர் கதை படித்துக் காட்டும் நேரம். இதை ‘நேரம் இருந்தால்’ என்று வைத்தால் என்றைக்கும் நேரம் இருக்காது. ஒரே புத்தகத்தை வாரத்தில் மூன்று நாள் படிக்கலாம். முதல் நாள் கதைக்காக, நிறுத்தாமல். இரண்டாம் நாள் வரிக்கு அடியில் விரலை ஓட்டியபடி. மூன்றாம் நாள் திரும்பத் திரும்ப வரும் சொல்லின் முன்னால் நிறுத்தி, அவர்களைச் சொல்ல விட்டு. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை போட்டு வந்த சிறு புத்தகங்கள் உங்கள் பள்ளியில் இருந்தால், ‘நுழை’ வரிசை இதற்கு அளவானது. அலமாரியில் பூட்டி வைக்காமல் குழந்தையின் கை எட்டும் கயிற்றில் தொங்கவிடுங்கள். கிழியும், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளிலும் நடக்கிறது. அன்றன்றைய உணவைச் சாப்பிடும் இடத்திலேயே பலகையில் எழுதிவையுங்கள்: ‘இன்று பொங்கல், சாம்பார்.’ ‘இன்று ரவா உப்புமா.’ யாரும் சொல்லாமலே எல்லாரும் படிக்கும் வரி அது.

தனியாகக் கேட்கும்போது

குழந்தை தடுமாறினால் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். பக்கத்துக் குழந்தை எடுத்துக் கொடுப்பதையும் கையைக் காட்டி நிறுத்துங்கள். பிறகும் வரவில்லை என்றால் விரலால் முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் முதல் துண்டை மட்டும் சொல்லுங்கள். கடைசியில்தான் முழுச் சொல். சொல்லிக்கொடுத்த சொல்லோடு நிறுத்தாமல் வரியை முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பொருள் அறுந்துபோகும்.

குறிப்பு நோட்டில் குழந்தைக்கு ஒரு பக்கம். படித்த வரியை எழுதி, மாற்றிச் சொன்னதை அந்தச் சொல்லின் மேல் அப்படியே எழுதுங்கள். மதிப்பெண் வேண்டாம். ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்.

தாளில் உள்ளது: கொக்கு குளத்தில் நின்றது.
குழந்தை படித்தது: கெக்கு கொளத்துல நின்னது.

மூன்று சொல்லும் மாறியிருக்கிறது, ஆனால் மூன்றும் ஒரே வகை இல்லை. ‘கெக்கு’ உண்மையான வாசிப்புச் சிக்கல், கொம்பைப் பார்த்த கண் துணைக்காலைப் பார்க்கவில்லை. அடுத்த முறை ஜன்னல் அட்டையோடு ஐந்து நிமிடம் வேண்டும். ‘கொளத்துல’, ‘நின்னது’ இரண்டும் வீட்டுப் பேச்சு. குழந்தை எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வாய்க்குப் பழகியபடி சொல்லியிருக்கிறது. அது படித்துப் புரிந்துகொண்டதன் அடையாளம். ‘கு’வைத் தொட்டு ‘இது என்ன எழுத்து?’ என்று ஒரு முறை கேளுங்கள். சரியாகச் சொன்னால் ‘எழுதும்போது குளத்தில், பேசும்போது கொளத்துல’ என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். இலையை ‘எலை’ என்றும், பழத்தைப் ‘பளம்’ என்றும் சொல்வதும் அப்படித்தான். ழகரப் பயிற்சி வேண்டியதுதான், ஆனால் அது பாட்டு நேரத்துக்கு. வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் நாக்கைத் திருத்தினால் குழந்தை வரியை விட்டுவிட்டு நம் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடும்.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பது தமிழுக்கு அவ்வளவாக ஒத்துவராது. ‘பசு’வும் ஒரு சொல்தான், ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல்தான். முன்னதில் இரண்டு எழுத்து, பின்னதில் பதினான்கு. நீளச் சொல் வந்தால் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுப் பிரித்துக் கொடுங்கள்: படித்துக்/கொண்டிருந்/தார்கள். ஒரே வரியை மூன்றாவது முறை படிக்கும்போது குரல் இறங்கி, பேசுவது போல வருகிறதா என்று கேளுங்கள். அந்த வயதுக்கு அந்த அளவுகோல் போதும்.

ஆசிரியர் வீட்டில்

அட்டை வெட்டுவது, கதை தேர்வது, பாடக்குறிப்பு எழுதுவது என்று எல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் உட்கார்ந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குத் தூக்கம்தான் போகும். வேலையைச் சிறு துண்டாகப் பிரித்து வாரத்தில் பரப்புவது நல்லது.

வெள்ளிக்கிழமை, பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிடம்: நோட்டைப் புரட்டி, யார் எதில் நிற்கிறார் என்று ஒரே தாளில் எழுதிக்கொள்ளவும். ‘ொ: நான்கு பேர். து/நு: இரண்டு பேர்.’ வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியது இந்தத் தாள் மட்டும். நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் பிரிக்காமலே திரும்பி வரும்.

சனி அல்லது ஞாயிறு, ஒரு மணி நேரம்: அந்தத் தாளைப் பார்த்து ஒரு குறியீடு, பன்னிரண்டு சொல், நான்கு வரி தேர்வு. பாடக்குறிப்பும் அதிலிருந்தே எழுதிவிடலாம். இட்லிக்கு உளுந்து கிரைண்டரில் ஓடும் அரை மணி நேரம் கதையை வாய்விட்டுப் படித்துப் பழக ஏற்றது, கிரைண்டர் சத்தத்தில் வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் அட்டையை மட்டும் அங்கே விரிக்காதீர்கள். மாவுக்கை பட்ட மார்க்கர் எழுத்து ஒரு நொடியில் கலைந்துவிடும்.

தினமும் இரவு பத்து நிமிடம்: மறுநாள் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுப் பையின் முன்னறையில் வைப்பது. காலையில் குக்கர் விசில், டிபன் பாக்ஸ், பஸ் மூன்றுக்கும் நடுவில் அட்டை தேட நேரம் கிடைக்காது.

அட்டைக்குக் காசு கொடுக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம் போல உறுதியான அட்டை கடையில் கிடைப்பது கஷ்டம். 10 × 7 செ.மீ. அளவில் வெட்டுங்கள். தனி எழுத்து என்றால் 4 செ.மீ. உயரம், சொல் என்றால் 2 செ.மீ. வழவழப்பான பக்கத்தில் மார்க்கர் காயாமல் கையில் ஒட்டும், சொரசொரப்பான பக்கமே நல்லது. மாதக் காலண்டர் தாளின் பின்புறம் கதை வரிகளுக்கு ஏற்றது. கடைசி வரிசைக்கும் தெரிய எழுத்து குறைந்தது 3 செ.மீ. உயரம் வேண்டும், ஒரு தாளில் ஐந்து வரிக்கு மேல் எழுதாதீர்கள். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சினால் எலியும் கரப்பானும் அலமாரியைத் தேடி வரும். பைண்டிங் கடையில் அதற்காகப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் வாயில் வைக்கும் அட்டைக்கு ஆகவே ஆகாது. ஃபெவிகால் போதும். செட்டு செட்டாக ஸ்வீட் பாக்ஸில் போட்டு, மூடியில் குறியீட்டை எழுதிவிட்டால் அடுத்த ஆண்டும் உதவும்.

புது அட்டையைச் சொந்தப் பிள்ளையிடம் காட்டிச் சோதிப்பது ஆசிரியர் வீடுகளில் நடப்பதுதான். அந்தப் பிள்ளை புத்தகத்துக்கு நடுவே வளர்வது, அது சுலபமாகப் படித்துவிட்டால் வகுப்பும் படித்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, நாள் முழுக்க வகுப்பில் திருத்திய அதே குரலில் வீட்டுப் பிள்ளையையும் திருத்தத் தொடங்கினால் அதற்குப் புத்தகம் என்றாலே ‘அம்மாவின் வேலை’ ஆகிவிடும். வீட்டில் படுக்கும் முன் மடியில் வைத்து ஒரு கதை, கேள்வி எதுவும் இல்லாமல்.

தொண்டையையும் கவனியுங்கள். பலகை அருகே நின்று கத்திப் படிப்பதைவிட, நடுவில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் படித்தால் குழந்தைகளே நெருங்கி வந்து கேட்பார்கள்.

குழந்தையின் வீட்டில்

நூறு நாள் வேலைக்கோ தோட்ட வேலைக்கோ போய் இருட்டும்போது திரும்பும் பெற்றோரிடம் ‘வீட்டில் படிக்க வையுங்கள்’ என்று சொன்னால், அவர்கள் என்ன செய்ய முடியும்? சொல்லிக்கொடுக்கச் சொல்லாதீர்கள், பத்து நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியாத பாட்டிகூடக் கேட்கலாம். ‘அப்புறம் கொக்கு என்ன பண்ணுச்சு?’ என்று பாட்டி ஒரு கேள்வி கேட்டால் அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் நான்கு வரித் தாளில் புதிய எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. வகுப்பில் தடையில்லாமல் படித்துக் காட்டிய வரிகள் மட்டும். புதுப்பாடத்தை அனுப்பினால் குழந்தை தடுமாறும், பெற்றவருக்குக் கோபம் வரும், முதுகில் ஒன்று விழும், அடுத்த நாள் அந்தத் தாள் ‘தொலைந்து’ போகும். தெரிந்ததைச் சரளமாகப் படித்துக் காட்டும் குழந்தையைப் பார்த்து வீடே பெருமைப்படும், நாளைக்கும் உட்கார்ந்து கேட்கும்.

வீட்டிலும் தெருவிலும் எழுத்துக்குப் பஞ்சமில்லை. பால் பாக்கெட், தீப்பெட்டி, ரேஷன் கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, சுவரில் ஒட்டிய காதணி விழா போஸ்டர். திங்கட்கிழமை காலை ‘வழியில் என்ன படித்தாய்?’ என்று கேளுங்கள். சில சமயம் குழந்தை தாத்தாவின் பழைய புத்தகத்தையோ கோயில் கல்வெட்டையோ காட்டி, ‘இந்த எழுத்து வேற மாதிரி இருக்கு’ என்று சொல்லும். அது பழைய லை, னை, ணா, றா வடிவங்களாக இருக்கும். பெரியார் 1935 முதல் தம் இதழில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978-ல் ஏற்றது, அதற்கு முந்தைய அச்சு அது. பலகையில் இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வகுப்புக்கே பிடித்துப்போகும்.

ஆறு வாரம் ஆகியும் நகராவிட்டால்

சோம்பல் என்றோ கவனம் இல்லை என்றோ முடிவு கட்டும் முன் சிலவற்றைப் பாருங்கள். முதலில் வருகைப் பதிவேடு. வாரத்தில் இரண்டு நாள் வராத குழந்தைக்குக் குறியீடு பாதிதான் கிடைத்திருக்கும், விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அடுத்தது கண். ஒரு கண்ணைக் கையால் மூடி மூன்று மீட்டர் தூரத்தில் உள்ள அட்டையைப் படிக்க, அல்லது அதிலுள்ள படத்தைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு மறு கண். தலையைச் சாய்த்தாலோ கண்ணைச் சுருக்கினாலோ பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காது. முதுகுக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் ‘பல், பால், பாய்’ என்று சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சளி பிடித்து மாதக் கணக்கில் காது அடைத்த குழந்தைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள், அவர்களுக்கு நெருங்கிய ஒலிகள் ஒன்றாகக் கேட்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் இந்தப் பெயர்களை எழுதிக் கொடுங்கள், அதுவரை முன்வரிசையில், பலகைக்கு நேராக உட்காரவையுங்கள்.

வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் குழந்தை என்றால் எழுத்துக்கு முன் சொல் வேண்டும். தினமும் ஐந்து பொருளைத் தொட்டுக் காட்டி, தமிழில் பேசவைத்து, மறுநாள் அதே சொற்களை அட்டையில் கொடுங்கள். பேச்சில் வராத சொல்லை எழுத்தில் கேட்காதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் அந்தக் குழந்தையைத் திங்கள், புதன், வெள்ளியோடு நிறுத்தாமல் தினமும் ஐந்து நிமிடம் கேளுங்கள். மதிய உணவு முடிந்து மணி அடிக்கும் முன் கிடைக்கும் நேரம் போதும். புதிய எழுத்து எதுவும் வேண்டாம். முந்தைய நாள் படித்த மூன்று சொல், அதோடு ஒன்று. சேரும் சொற்களை அந்தக் குழந்தையின் பெயர் எழுதிய தனிப் பெட்டியில் போட்டுவைத்து, எண்ணிக்கை கூடுவதை அதன் கண்ணாலேயே பார்க்க விடுங்கள்.